குடிப்பதைக் குற்றமாக்கினால் குடி நிற்குமா?

"ஒரு செயலைக் குற்றமாக்குவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? எங்கள் தெருவில் பாதி வீடு குடியால் கெட்டுக் கிடக்கிறது, என் அப்பாவும் அதில் ஒருவர். விற்பதை விடுங்கள், குடிப்பதையே குற்றமாக்கி உள்ளே தள்ளினால் என்ன?" இதுதான் நீங்கள் கேட்டது. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாவது சட்டக் கல்லூரி வகுப்பில் கேட்பது. இரண்டாவது, போலீஸ் வந்தால் அப்பா நிறுத்துவாரா, அம்மா ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாரா என்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து கேட்பது. எனக்கு இரண்டாவதுக்குப் பதில் சொல்லத்தான் ஆசை. ஆனால் முதலாவதைக் கடக்காமல் அங்கே போய்ச் சேர முடியாது. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் 22 வருடங்களாகக் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். பெரும்பாலும் நடுவர் நீதிமன்றங்களில்தான் வேலை. ஆகவே கோர்ட்டுக்கு வந்த மனிதர்களை வைத்துத்தான் பேசுவேன். சட்டத்துக்குப் பயந்து ஒரு செயலைச் செய்யாமலே விட்டவர்கள் என் கண்ணில் படவே மாட்டார்கள். ஒரு சட்டத்தின் நல்ல பலன் அப்படிப்பட்டவர்களிடம்தான் இருக்கும் என்பதால், என் பார்வையில் அந்தக் குறை உண்டு. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தப்பு வேறு, குற்றம் வேறு. கல்யாணமானவர் இன்னொருவரோடு உறவு வைத்துக்கொள்வது தப்பு என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். 2018 செப்டம்பர் வரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவின்படி, அடுத்தவர் மனைவியோடு உறவு வைத்துக்கொண்ட ஆண் குற்றவாளி. உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. அதனால் அந்த உறவு சரி என்று ஆகிவிடவில்லை. விவாகரத்து கேட்க அது இன்றைக்கும் போதுமான காரணம். மாறியது ஒன்றுதான். அதற்காக ஒருவரைப் போலீஸ் பிடித்துப் போக முடியாது.

ஒரு செயல் குற்றம் ஆனதும் முதலில் மாறுவது வழக்கின் தலைப்பு. நிலத் தகராறு என்றால் வாதி ஒருவர், பிரதிவாதி ஒருவர். இருவரும் பேசி முடித்துக்கொள்ளலாம். குற்ற வழக்கில் ஒரு பக்கம் அரசு உட்கார்ந்துவிடுகிறது, காவல் ஆய்வாளர் மூலமாக. அப்புறம் பாதிக்கப்பட்டவர் மனம் மாறினாலும் வழக்கு தானாக நின்றுவிடாது. வீட்டுக்குள் நுழைய, சோதனை போட, சட்டையைப் பிடித்து ஜீப்பில் ஏற்ற, ரிமாண்ட் செய்ய ஒரு கைக்கு அதிகாரம் வருகிறது. ஒரு பழக்கத்தைக் குற்றமாக்கு என்று கேட்பவர்கள் இந்தக் கையைத்தான் வீட்டு வாசலுக்குக் கூப்பிடுகிறோம் என்று யோசிப்பதில்லை. அது கெட்ட செயல் என்று ஊருக்குச் சொல்வதற்கு மட்டும்தான் சட்டம் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் இருக்கும் ஒரு பொருளைக் காட்டுகிறேன். பனையில் பாளை சீவி அதன் நுனியில் கலயம் கட்டுவார்கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் விடியற்காலையில் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் அதே மரம், அதே பாளை, அதே சொட்டு, இறங்குவது கள். சுண்ணாம்பு இல்லாதபோது சாறில் உள்ள சர்க்கரை காற்றில் இருக்கும் ஈஸ்டால் தானாகவே புளித்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். 1937-ல் வந்த மதுவிலக்குச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. இடையில் 1971-லும் 1981-லும் தளர்த்தினார்கள், மறுபடி இறுக்கினார்கள். 1987 முதல் கள்ளுக்குத் தடை தொடர்கிறது. ஆக, ஒரு விரல் சுண்ணாம்புக்கு இந்தப் பக்கம் தொழில், அந்தப் பக்கம் குற்றம். கோடு அவ்வளவு மெல்லியது. சுண்ணாம்பு குறைந்துபோன கலயம் உச்சி வெயில் வரை மரத்தில் இருந்தால் பதநீரே புளிப்பு ஏறிவிடும். போலீஸ் பரிசோதனைக்கு எடுத்த மாதிரி ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் பாட்டிலிலேயே புளித்திருக்கலாம் என்று நானே கோர்ட்டில் வாதாடியிருக்கிறேன். சில முறை எடுபட்டது, பல முறை எடுபடவில்லை.

ஒரு பையன் ஞாபகத்தில் இருக்கிறான். வயது 20. அப்பா பனையேறி, மட்டையிலிருந்து வழுக்கி முழங்கால் பிசகியதால் அந்த வாரம் மகன் ஏறினான். கலயங்களோடு இறங்கியவனை அடியில் நின்று பிடித்தார்கள். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும், வாய்தாவுக்கு அலைய வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். அப்பாவும் கடன் வாங்கிக் கட்டிவிட்டார். சின்னத் தொகைதான். இரண்டு வருடம் கழித்து அந்தப் பையன் போலீஸ் வேலைக்குத் தேர்வெழுதி, ஓட்டம், கயிறு எல்லாம் பாஸாகி, சான்று சரிபார்ப்பில் நின்றுபோனான். குற்றத்தை ஒப்புக்கொள்வது என்றால் தண்டனை பெற்றவர் என்று பொருள் என்பதை அவனுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. நம் மாநிலத்தின் போலீஸ் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டவர்கூடக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். ஒப்புக்கொண்டவன் நிலையைக் கேட்க வேண்டுமா? என்னிடம் வந்தபோது நான் செய்யக்கூடியது மிகக் குறைவாகவே இருந்தது. அபராத ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அதைக் காட்டி, "பணம்தான் கட்டியாச்சே சார்" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

அவனைப் பிடித்த நாளில் புகார் கொடுத்தது யார்? யாரும் இல்லை. இந்த மாதிரி வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையைக் கையில் எடுத்தால் வாசகம் ஏறக்குறைய மனப்பாடமாக இருக்கும். "நம்பத்தகுந்த ரகசியத் தகவல் கிடைத்து, சக காவலர்களுடன் ரோந்து சென்றபோது, போலீசைக் கண்டதும் தப்பி ஓட முயன்ற நபரை மடக்கிப் பிடித்து..." புகார்தாரர் என்ற இடத்தில் சார்பு ஆய்வாளரின் பெயர். பொருளைக் கைப்பற்றியதைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடும் மகஜர் சாட்சிகள் இருவர், பல வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் அதே இருவர். ஒரு சட்டம் சமூகத்தில் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி இந்த இடத்தைப் பார்ப்பதுதான். திருட்டுக்கு, அடிதடிக்கு, கொலைக்குப் புகார் கொடுக்க ஒரு மனிதர் இருக்கிறார். போலீஸ் வர வேண்டும் என்று அவர் காத்திருக்கிறார். குடிப்பவனும் விற்பவனும் சம்மதித்து நடத்தும் காரியத்தில் அப்படி யாரும் இல்லை. அதனால் போலீஸ் தானே தேடிப் போக வேண்டும். தேடுவதற்குத் துப்புச் சொல்பவர் வேண்டும், மாதத்துக்கு இத்தனை கேஸ் என்ற கணக்கு வேண்டும், யாரை விடுவது யாரைப் பிடிப்பது என்ற தேர்வு வேண்டும். அந்தத் தேர்வில் மாமூல் நுழைகிறது. திறந்த வெளியில் மரத்தில் ஏறி நிற்பவன் சுலபமாகக் கிடைக்கிறான். பூட்டிய அறையில் குடிப்பவர் கிடைப்பதில்லை. பழைய மதுவிலக்குக் காலத்திலும் வசதியானவர்கள் டாக்டர் சீட்டு வாங்கிப் பர்மிட் வைத்துக்கொண்டு குடித்தார்கள் என்று என் சீனியர் சொல்லுவார்.

இன்னொன்றும் நடக்கிறது. ஒளித்துச் செய்ய வேண்டும் என்றானதும் பொருளே மாறுகிறது. கள் குடம் குடமாக இருக்கும், ஒரு நாளில் புளித்துப்போகும், வாடை தெருவுக்கே வரும். போதையும் நான்கைந்து சதவீதம்தான். அதை எப்படி ஒளிப்பது? சாராயத்தை லாரி டியூபிலும் பாக்கெட்டிலும் ஒளிக்கலாம். அதனால் தடை என்று வந்தால் முதலில் காணாமல் போவது லேசானது, தங்குவது கடுமையானது. அதில் மெத்தனால் கலந்தால் உயிரே போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசுக் கடையில் 42.8 சதவீதச் சரக்கு சட்டப்படி கிடைக்கும் மாநிலத்தில்தான் அது நடந்தது. கடை விலைக்குப் பணம் இல்லாதவர்கள் வாங்கிய பாக்கெட் அது. அதன் பிறகு சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலி நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை என்று ஆக்கினார்கள். விஷச் சாராயம் காய்ச்சுபவனுக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அங்கே செத்தவர்கள் இருக்கிறார்கள், புகார் கொடுக்கும் குடும்பம் இருக்கிறது. கள்ளைத் திறந்துவிட்டால் இந்தச் சாவுகள் குறையுமா என்றால், குறையலாம் என்பதற்கு மேல் நேர்மையாக எதுவும் சொல்ல முடியாது.

சரி, குடிப்பதையே குற்றமாக்கினால்? அதைச் செய்து பார்த்த மாநிலம் இருக்கிறது. பீகாரில் பெண்கள் கேட்டார்கள் என்றுதான் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. உங்கள் கேள்வியைத்தான் அந்தப் பெண்களும் கேட்டார்கள். அந்த வருடமே வந்த புதிய சட்டத்தில் குடித்துப் பிடிபட்டவருக்கு நீண்ட சிறை. லட்சக்கணக்கில் வழக்குகள் குவிந்தன, ஜாமீன் மனுக்களில் பாட்னா உயர் நீதிமன்றமே திணறியது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா, பின்விளைவை யோசிக்காமல் இயற்றும் சட்டத்துக்கு உதாரணமாக இதைப் பொது மேடையிலேயே சொன்னார். 2018-லும் 2022-லும் சட்டத்தைத் தளர்த்தினார்கள். இப்போது முதல் முறை பிடிபட்டவர் 2,000 முதல் 5,000 ரூபாய் அபராதம் கட்டி வெளியே வரலாம். 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச் சாராயத்தால் பலர் மாண்டார்கள். இவ்வளவும் உறுதியான செய்தி.

மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தேசியக் குடும்ப நல ஆய்வுகளை வைத்து 2024-ல் ஒரு லான்செட் இதழில் வந்த ஆராய்ச்சி, தடைக்குப் பிறகு பீகாரில் ஆண்கள் அடிக்கடி குடிப்பதும் மனைவியை அடிப்பதும் கணிசமாகக் குறைந்ததாகக் கணக்கிட்டது. ஒரு பெண் குறைவாக அடி வாங்குகிறாள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் சந்தேகம் இங்கேதான் வருகிறது. குடித்தால் ஜெயில் என்ற ஊரில், கதவைத் தட்டி "குடிப்பீர்களா" என்று கேட்கும் கணக்கெடுப்பாளரிடம் எத்தனை பேர் ஆமாம் என்பார்கள்? குடித்துவிட்டு அடித்தார் என்று சொன்னால் அவரோடு வருமானமும் ஜெயிலுக்குப் போகும் என்று பயப்படும் மனைவி என்ன சொல்வாள்? அடி குறைந்ததா, சொல்வது குறைந்ததா என்பதை எண்களை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

இந்தப் பொய் சொல்லும் விஷயம் மிக முக்கியம். அதன் விலையை நான் அரசு மருத்துவமனை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு தற்கொலைக்கு முயல்வதை ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. இந்தச் சட்டத்தை நமக்குத் தந்த இங்கிலாந்து 1961-லேயே தன் நாட்டில் அதைக் கைவிட்டுவிட்டது. இங்கே 1994-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1996-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது. 2018-ல் அமலுக்கு வந்த மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1-ல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதுதான் அந்தப் பிரிவு போனது. போனது என்றாலும் முழுதாகப் போகவில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பதற்காகவோ கட்டாயப்படுத்துவதற்காகவோ தற்கொலைக்கு முயன்றால் இன்றும் குற்றம். கலெக்டர் அலுவலக வாசலில் மனுவோடு வந்து உயிரை விட முயல்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இது பொருந்தலாம்.

309 இருந்த காலத்தில் ஆஸ்பத்திரியில் நடந்தது இதுதான். விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதும் ஒரு வரிக்காகக் குடும்பமே பொய் சொல்லும். "இருட்டுல தெரியாம எடுத்துக் குடிச்சிட்டாரு." "வயித்து வலி தாங்காம." எது நடந்தது என்று டாக்டருக்கு உடனே தெரிய வேண்டிய நேரத்தில், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் மனைவி தயங்கி நிற்பாள். தனியார் மருத்துவமனைகள் சில, கேஸ் தொல்லை வேண்டாம் என்று அனுப்பிவிடும். பிழைத்து எழுந்தவருக்கு முதலில் வந்து பேசுபவர் மனநல மருத்துவராக இருந்திருக்க வேண்டும். வந்தது வாக்குமூலம் வாங்கும் காவலர். எனக்குத் தெரிந்து இந்தப் பிரிவில் யாரும் பெரிதாகச் சிறைக்குப் போனதில்லை. தண்டனையே கொடுக்காத ஒரு சட்டம் இத்தனை பேரைப் பொய் சொல்ல வைத்தது, இத்தனை பேரை உதவியிலிருந்து தள்ளி வைத்தது. குற்றம் என்ற அந்தச் சொல் மட்டுமே போதுமானதாக இருந்தது. இதைப் படிப்பவர் யாராவது அப்படி ஒரு மனநிலையில் இருந்தால், பேசுவதால் உங்கள் மேல் எந்த வழக்கும் வராது. 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இலங்கையின் தண்டனைச் சட்டமும் நம்முடையதைப் போலவே பிரிட்டிஷார் எழுதி வைத்ததுதான். அங்கே 1998-ல் இந்தக் குற்றத்தை நீக்கினார்கள். தற்கொலைகள் பெருமளவு குறைந்ததும் உண்மை. ஆனால் குறைய ஆரம்பித்தது அதற்கும் முன்னால், 1995-க்குப் பிறகே. கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளைச் சந்தையிலிருந்து படிப்படியாக எடுத்ததுதான் முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே குற்றம் இல்லை என்று ஆக்கியதால் உயிர்கள் பிழைத்தன என்று நான் சொல்ல மாட்டேன். மிரட்டி வைத்திருந்த பிரிவு போனதால் சாவு கூடிவிடவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

மேலே சொன்னவை எல்லாம் ஒருவர் செய்யும் செயலைக் குற்றமாக்கியவை. ஒருவர் பிறப்பையே குற்றமாக்கினால் என்ன ஆகும் என்பதையும் நம் மண் பார்த்திருக்கிறது. 1871-ல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், சில சமூகங்களில் பிறந்தவர்களையே குற்றவாளிகளாகப் பட்டியலிட்டது. அது 1911-ல் திருத்தி எழுதப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்தில் இன்றும் வயதானவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். கைரேகை பதிந்து, இரவில் சாவடியில் படுத்து, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கி வாழ வேண்டும். 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் இறந்தார்கள்; அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். 1947-ல் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது, 1952-ல் நாடு முழுக்க. மாகாணத்தில் அது ஒழிந்த மறு வருடமே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்ற வேறொன்று இங்கே வந்து உட்கார்ந்தது. 2024 அக்டோபரில்கூட, சிறைக் கையேடுகளில் சாதியைப் பார்த்து வேலை ஒதுக்கும் விதிகளையும், சீர்மரபினரை, அதாவது அந்தப் பழைய பட்டியலில் இருந்த சமூகத்தினரை, குற்றப் பழக்கம் உள்ளவர்களாகப் பார்க்கும் விதிகளையும் உச்ச நீதிமன்றம் நீக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து எடுப்பது ஒரு நாள் வேலை. ஊரில் ஒரு திருட்டு நடந்தால் முதலில் யார் வீட்டுக்கு ஜீப் போகிறது என்பதில் அந்தப் பழைய பட்டியல் இன்னும் இருக்கிறது. குறவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஜாமீன் போட்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் எதையும் குற்றமாக்கவே கூடாதா என்று கேட்டால், இல்லவே இல்லை. தீண்டாமையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பே நேரடியாகத் தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதிவைத்த மிகச் சிலவற்றில் அது ஒன்று, 17-வது பிரிவு. அதற்கு 1955-ல் ஒரு சட்டம், போதவில்லை என்று 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். டீக்கடையில் தனிக் குவளை வைப்பது ஊரின் பெரும்பான்மைக்குத் தப்பாகவே தெரியாத இடத்தில், வழக்கம் தானாகத் திருந்தும் என்று காத்திருக்கச் சொல்வது கொடுமை. அங்கே சட்டம் இல்லை என்றால் பாதிக்கப்பட்டவர் கையில் ஒன்றுமே இல்லை. புகார் கொடுத்த மறுநாளே எதிர்த் தரப்பு ஒரு பொய்ப் புகார் கொடுக்கும், சாட்சிகள் பல்டி அடிப்பார்கள், வழக்கு வருடக் கணக்கில் இழுக்கும், தண்டனை அரிதாகத்தான் கிடைக்கும். எல்லாம் தெரிந்தும் என்னிடம் வந்த ஒரு பெரியவர் சொன்னார்: "தண்டனை கிடைக்குதோ இல்லையோ, அவன் என் பேரைக் கேட்டு ஸ்டேஷன் வாசல்ல நின்னானே, அது போதும் வக்கீலய்யா." போதாதுதான். ஆனால் அவருக்கு அதற்கு முன் அதுவும் இருந்ததில்லை. ராகிங்கும் இப்படித்தான். 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு 1997-ல் தமிழ்நாடு அதற்கென்று தனிச் சட்டம் போட்டது. அதற்கு முன் 'சும்மா விளையாட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்த கல்லூரி நிர்வாகங்கள் அப்புறம் அப்படிச் சொல்ல முடியவில்லை. இந்த இரண்டிலும் அடிபட்ட ஒருவர் இருக்கிறார், அவர் போலீஸைத் தேடுகிறார், சட்டம் அவருக்குக் கதவைத் திறக்கிறது. கள்ளிலும் 309-லும் எல்லோரும் போலீஸைக் கண்டு ஓடுகிறார்கள்.

எதைக் குற்றமாக வைப்பது, எதை விடுவது என்பது மாறாத ஒன்றும் இல்லை. 2023-ல் நாடாளுமன்றம் ஜன் விஸ்வாஸ் என்ற சட்டத்தின் மூலம் 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தி, பல இடங்களில் சிறையை எடுத்துவிட்டு அபராதம் மட்டும் போதும் என்று ஆக்கியது. தொழில் செய்பவர்கள் சின்னத் தவறுகளுக்காக ஜெயிலுக்குப் பயந்து வாழக் கூடாது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். நியாயமான காரணம். அதே நியாயம் பனைமரத்து அடியிலும் செல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் அப்பா. குடிப்பதைக் குற்றமாக்கினால் அவர் நிறுத்துவார் என்று என் அனுபவத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் ஒளித்துக் குடிப்பார், நீங்களும் அம்மாவும் அவருக்காகப் பொய் சொல்வீர்கள், பிடிபட்ட அன்றைக்கு ஜாமீனுக்கு அம்மாவின் தாலிக்கொடிதான் அடகுக்குப் போகும். குடிக்கு அடிமையாவது ஒரு நோய். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள், சிகிச்சை இலவசம். திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகும். அதனால் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள்.

அவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடிக்கிறார் என்றால் அதற்கு இன்றைக்கே சட்டம் இருக்கிறது, புதிதாக எதையும் குற்றமாக்க வேண்டியதில்லை. 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம் கொஞ்சம் வித்தியாசமானது. அதில் எடுத்தவுடன் கைது கிடையாது. அம்மா ஒரு மனு கொடுத்தால், அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு அம்மாவைத் துரத்தக் கூடாது, தேவைப்பட்டால் அவரே வெளியே இருக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போடலாம். அந்த உத்தரவை மீறினால்தான் குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். அதாவது போலீஸ் எப்போது உள்ளே வர வேண்டும் என்பது பெரும்பாலும் அம்மாவின் கையில் இருக்கிறது. 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், ஆனால் இடைக்கால உத்தரவு சீக்கிரமே கேட்கலாம். மனுவுக்கு வக்கீல் கட்டாயம் இல்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவரே எழுதித் தருவார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். போகும்போது அடிபட்டதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்தச் சீட்டில் 'தவறி விழுந்தது' என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை அம்மா நீதிபதியிடம் சொல்லலாம்.